கிட்னி ரிப்போட்டில "புது எதிருருவா இருக்கலாம்" எண்டு எழுதியிருக்கு, பயப்படணுமா?

கேள்வி, கிண்ணியாவிலயிருந்து ஒரு தம்பி, 8 பெப்ரவரி 2025

வாப்பாக்கு ரெண்டு கிட்னியும் ஏலாமப் போச்சு, டயலிசிஸ் போகுது. மூத்தவர், எங்கட நானா, ஒரு கிட்னி குடுக்க ரெடி. கொழும்பில ரெண்டு பேரிட ரத்தமும் எடுத்து, பொருத்தம் பாக்கிற டிஷ்யூ டைப்பிங் செஞ்சாங்க. வாப்பாட ரிப்போட்டில எச்.எல்.ஏ-பி எண்ட இடத்தில ஒரு நம்பர் சரியா இருக்கு, மத்த நம்பருக்குப் பக்கத்தில புது எதிருருவா இருக்கலாம், உறுதிப்படுத்தணும் எண்டு இங்கிலிசில போட்டிருக்கு. மாமா சொல்றாரு இது அரபுப் பரம்பரையால வந்த ஜீனாம். பக்கத்து வீட்டு சேர் சொல்றாரு திருகோணமலை ஆக்களுக்கு எதிர்ப்புச் சக்தி கூட, அதான் புது ஜீனாம். ஆராவது விளங்கின ஆக்கள் சொல்லுங்க. கிட்னி மாத்துறதுக்கு இது தடையா?

8 பெப்ரவரி, இரவு

தடை இல்ல. இத முதல்ல வாப்பாட்ட சொல்லிட்டு வந்து மிச்சத்த வாசியுங்கோ.

நான் லாப்பில வேல செஞ்சு பென்சன் எடுத்த ஆள், இப்ப உப்புவெளியில இருக்கிறன், கொஞ்சக்காலம் டிஷ்யூ டைப்பிங் பக்கமும் இருந்தனான். எச்.எல்.ஏ எண்டுறது ஆறாம் நிறமூர்த்தத்தில இருக்கிற ஒரு கூட்டம் பரம்பரையலகு. இதுகள் செய்யிற புரதங்கள் கலத்துக்கு வெளியில நிண்டு, உள்ளுக்க என்ன நடக்குது எண்டுறத சின்னச் சின்னத் துண்டா தாம்பாளத்தில வச்சுக் காட்டுற மாதிரி ரத்தத்தில சுத்துற டி கலங்களுக்குக் காட்டும். வைரசுட துண்டு தெரிஞ்சா டி கலம் அந்தக் கலத்த அழிக்கும். எல்லாருக்கும் ஏ, பி, சி, டி.ஆர், டி.கியூ எண்டு இருக்கு, ஒவ்வொண்டிலயும் தகப்பனிட்ட இருந்து ஒண்டு, தாயிட்ட இருந்து ஒண்டு. மனிசரிட பரம்பரையலகுகளிலேயே ஆளுக்காள் கூடுதலா வித்தியாசப்படுறது இதுகள்தான். லண்டனில வச்சிருக்கிற உலகப் பதிவேட்டில இப்ப பேர் வச்ச எதிருரு, அதாவது ஒரே பரம்பரையலகிட வேற வேற வகை, மட்டும் 40,000ஐத் தாண்டிட்டுது. அப்பிடி இருக்கேக்க உங்கட வாப்பாட்ட ஒண்டு அந்த லிஸ்டில இல்லாமப் போனா அதில பெரிய அதிசயம் ஒண்டும் இல்ல.

நானாட ரிப்போட்டில அப்பிடி ஏதும் எழுதியிருக்கா? அதச் சொல்லுங்கோ.

9 பெப்ரவரி, காலம

தம்பி பதில் போட்டிருக்கிறார், நானாட ரிப்போட்டில ஒரு குறிப்பும் இல்லயாம், ரெண்டு நம்பரும் சுத்தமா வந்திருக்காம்.

அப்ப நல்லது. கிட்னி மாத்தேக்க பிரச்சின வாறது குடுக்கிறவரிட எச்.எல்.ஏ-ல. வாங்கிறவரிட உடம்பு குடுக்கிறவரிட புரதத்தப் பாத்து இது என்னுடையது இல்ல எண்டு சண்டைக்குப் போகும், அதுதான் ரிஜெக்சன். வாப்பாட்ட இருக்கிற புதுசு வாப்பாக்கு புதுசே இல்ல, பிறந்ததில இருந்து அவரோட இருக்கு. நானாட்ட அது இல்ல எண்டா வாப்பாட மத்த பக்கத்துப் பிரதி நானாக்குப் போயிருக்கு, அவ்வளவுதான். நானாட்டயும் அது இருந்திருந்தா அது வாப்பா குடுத்ததாத்தான் இருக்கும், அப்பவும் வாப்பாட உடம்புக்கு அது அன்னியம் இல்ல. ரெண்டு வழியிலயும் பிரச்சின இல்ல. வாப்பாக்கு அன்னியமா இருக்கக் கூடியது நானாக்கு உம்மாட்ட இருந்து வந்த அரைவாசி. டொக்டர்மார் பாக்கப்போறதும் அதத்தான், வாப்பாட சீரத்தோட நானாட கலத்தச் சேர்த்துப் பாக்கிற குரொஸ்மெச் செய்யிறதும் அதுக்குத்தான்.

இன்னொண்டு, டயலிசிஸ் நேரத்தில வாப்பாக்கு ரத்தம் ஏத்தினவங்களா? ஏத்தியிருந்தா கட்டாயம் கிளினிக்கில சொல்லுங்கோ. மத்தவரிட ரத்தம் ஏறினா சில ஆக்களுக்கு எச்.எல்.ஏ-க்கு எதிரா பிறபொருளெதிரி, அதாவது அன்னியத்தப் பிடிச்சு எதிர்க்கிற புரதம், உருவாகும். எனக்கெண்டா அந்தப் புது எதிருருவ விட இதுதான் கவல.

9 பெப்ரவரி, பின்னேரம்

இடையில ஒராள் கேட்டிருக்கிறா, பிள்ளைப்பேறும் அப்பிடிச் செய்யுமா எண்டு. செய்யும். வயித்தில இருக்கிற பிள்ளையிட்ட தகப்பனிட அரைவாசி இருக்கு, தாயிட உடம்பு அதுக்கு எதிரா பிறபொருளெதிரி செய்யலாம். 1958ல ரோஸ் பெய்னும் வான் ரூடும் கண்டுபிடிச்சது இதத்தான். அதே வருசம் பிரான்சில ஜோன் டொசே முதலாவது எச்.எல்.ஏ-யக் கண்டுபிடிச்சு அறிவிச்சார், 1980ல நோபல் பரிசிலயும் பங்கு கிடைச்சுது. பிறகு கனகாலம் உலகம் முழுக்க டிஷ்யூ டைப்பிங் நடந்ததே கன பிள்ளை பெத்த தாய்மாரிட சீரத்தாலதான், அதாவது ரத்தத்தில கலங்கள் நீக்கின தண்ணிப் பகுதியால. சின்னத் தட்டில குழி குழியா ஒவ்வொரு தாயிட சீரம், அதுக்குள்ள ஆளிட வெள்ளைக் கலம், பிறகு முயல் சீரம், கடைசியா சாயம். பிறபொருளெதிரி ஒட்டின கலம் செத்துப்போகும், செத்த கலம் சாயத்தக் குடிக்கும். நுணுக்குக்காட்டிக்குள்ள குனிஞ்சு பாத்துப் பாத்து கழுத்து புடிச்சிடும். அந்த அம்மாமாருக்கு ஆரும் பரிசு குடுக்கேல்ல.

ஆனா அந்த முறையில "ஏ2" எண்டு மட்டுந்தான் சொல்லலாம், எந்த ஏ2 எண்டு சொல்ல ஏலாது. ஐரோப்பியரிட்ட கூட ஏ*02:01 இருக்கும், இந்தியாப் பக்கம் ஏ*02:11 கனபேரிட்ட இருக்கு. சீரத்துக்கு ரெண்டும் ஒண்டுதான்.

11 பெப்ரவரி

இண்டைக்கு கரண்ட் இல்ல, ஃபோனிலதான் அடிக்கிறன், எழுத்துப் பிழைய விடுங்கோ.

அந்தப் "புதுசு" உண்மையிலயே புதுசா இருக்குமோ எண்டுறதுதான் முதல் கேள்வி. ஒரு ரிப்போட்டில புதுசு மாதிரி வாறதுகளில கனக்க ரெண்டாம் தரம் செய்யேக்க காணாமப் போயிடும். டி.என்.ஏ-யப் பெருக்கிற பி.சி.ஆர் இருக்கே, அதில நொதியம் அங்க இங்க ஒரு எழுத்த மாத்தி எழுதும். அத விட மோசமான வேலை ஒண்டும் செய்யும், தகப்பனிட பிரதியப் பாதி எழுதிட்டு இடையில பாய்ஞ்சு தாயிட பிரதியில மிச்சத்த எழுதும், வாறது ரெண்டும் கலந்த ஒரு பொய்ப் பிரதி. பாத்தா அருமையான புது எதிருரு மாதிரியே இருக்கும். பிறகு எச்.எல்.ஏ-எச் எண்டு வேலை செய்யாத பரம்பரையலகு ஒண்டு இருக்கு, எச்.எல்.ஏ-ஏ-யப் போலவே இருக்கும், அதுவும் சேர்ந்து பெருகினா குழப்பம்.

இதுகளுக்காகத்தான் உலக சுகாதார ஸ்தாபனத்திட பெயரிடுற கமிட்டி சும்மா பேர் குடுக்கிறதில்ல. ரெண்டு தனித்தனி பி.சி.ஆர் செஞ்சு ரெண்டிலயும் அதே வரிசை வரவேணும், ரெண்டு திசையிலயும் வாசிச்சிருக்க வேணும், ஏ, பி, சி எண்டா எக்சோன், அதாவது பரம்பரையலகில புரதம் எழுதுற துண்டுகள், 2உம் 3உம் குறைஞ்சது முழுசா இருக்கவேணும், முதல்ல பொதுத் தரவுத்தளத்தில போட்டு இலக்கம் எடுக்கவேணும். அதுக்குப் பிறகுதான் பேர். எனக்கு இந்தக் கண்டிப்பு பிடிக்கும். இல்லாட்டி அந்த 40,000ல அரைவாசி மெசின் உளறினதா இருந்திருக்கும்.

11 பெப்ரவரி, அதே நாள் பிறகு

"அரைவாசி" எண்டது என்ட வாய்க்கு வந்தது, கணக்கு இல்ல. ஆரும் தூக்கிக்கொண்டு போய் ஃபேஸ்புக்கில போடாதேங்கோ.

14 பெப்ரவரி

நம்பர் என்னத்தச் சொல்லுது எண்டு ரெண்டு பேர் கேட்டிருக்கினம். பி*57:01 எண்டு வச்சுக்கொள்ளுங்கோ. 57 குடும்பம். 01 அந்தக் குடும்பத்தில ஒரு குறிப்பிட்ட புரதம். அதுக்குப் பிறகு இன்னும் ரெண்டு நம்பர் வரலாம், மூண்டாவது புரதத்த மாத்தாத எழுத்து வித்தியாசம், நாலாவது புரதம் எழுதாத பகுதியில வாற வித்தியாசம். கடைசியில N எண்ட எழுத்துப் போட்டிருந்தா அந்தப் புரதம் கலத்துக்கு வெளியில வராது. அதால "புதுசு" எண்டு கேட்டவுடன நான் கேக்கிறது எத்தினையாவது நம்பரில புதுசு எண்டு. நாலாவதில புதுசு எண்டா உடம்புக்கு அனேகமா ஒரு வித்தியாசமும் இல்ல. அப்பிடியெண்டா பக்கத்து வீட்டு சேரிட எதிர்ப்புச் சக்திக் கதை அதிலயே முடிஞ்சுது.

பி*57:01 எண்டு சும்மா எடுக்கேல்ல. எச்.ஐ.வி மருந்து அபாகவிர் குடுக்கிறதுக்கு முன்ன அந்த எதிருரு இருக்கா எண்டு பாக்கச் சொல்லுவினம், இருந்தா ஒவ்வாமை ஆளையே கொண்டுபோகலாம். 2008ல பெரிய ஆய்வு ஒண்டில காட்டினது, முன்னமே பாத்துக் குடுத்தா அந்த ஒவ்வாமையத் தவிர்க்கலாம் எண்டு. அதே மாதிரி வலிப்புக்குக் குடுக்கிற கார்பமசபீன், பி*15:02 இருக்கிற ஆக்களுக்குத் தோல் உரிஞ்சு வாற ஆபத்து, 2004ல தாய்வானில கண்டுபிடிச்சது. கவுட் எண்ட மூட்டு வருத்தத்துக்குக் குடுக்கிற அலோபியூரினோலுக்கு பி*58:01. குஷ்டரோகத்துக்குக் குடுக்கிற டாப்சோனுக்கு பி*13:01.

எங்கட சொந்தத்தில ஒராளுக்கு வலிப்பு மருந்து தொடங்கிக் கொஞ்ச நாளில வாய் முழுக்க புண், உடம்பு முழுக்க கொப்புளம், ஆள் தப்பினது பெரிய காரியம். எந்த ஆஸ்பத்திரி எண்டு சொல்லமாட்டன், அவையில பிழையும் இல்ல, இந்த டெஸ்ட் எங்கட பக்கம் ஆரும் கேக்கிறதே இல்ல. எந்த எதிருரு எங்கட ஆக்களிட்ட எவ்வளவு வீதம் இருக்கு எண்டு கணக்கு இருந்தாத்தான் ஆருக்கு டெஸ்ட் செய்யிறது எண்டு முடிவெடுக்கலாம். புதுசு ஒண்டு கண்டுபிடிச்சுப் பேர் எடுக்கிறத விட, தெரிஞ்ச பழசுகள் எங்கட ஊருக்குள்ள எவ்வளவு எண்டு எண்ணுறது எனக்குப் பெரிய வேலையாத் தெரியுது.

15 பெப்ரவரி

மேல எழுதினத இரவு திருப்பி யோசிச்சன். எண்ணுறதுக்கும் புதுசத் தேடுறதுக்கும் இடையில நான் கீறின கோடு அவ்வளவு சரியில்ல. ஏனெண்டா லிஸ்டில இல்லாத எதிருரு இருக்கிற ஆளிட ரத்தத்த மெசினுக்குக் குடுத்தா, அது கிட்ட இருக்கிற ஒண்டப் பிடிச்சு இதுதான் எண்டு சொல்லிப்போடும். அல்லது பி.சி.ஆர் தொடங்கிறதுக்குப் போடுற சின்ன டி.என்.ஏ துண்டு, பிரைமர், ஒட்டுற இடத்திலயே மாத்தம் இருந்தா அந்தப் பிரதி பெருகவே பெருகாது, மத்தது மட்டும் தெரியும், ரிப்போட்டில ரெண்டும் ஒண்டு எண்டு வரும். அப்ப எண்ணிக்கையும் பிழைக்கும்.

வழமையா ஒரு சனத்தொகையில ரெண்டும் ஒண்டா இருக்கிற ஆக்கள் எதிர்பார்த்ததுக்கு மேல வந்தா, எங்கயோ ஒரு எதிருருவ டெஸ்ட் தவற விடுது எண்டு சந்தேகப்படுவினம். ஆனா எங்கட ஆக்களில மச்சான் மச்சாள் கலியாணம் இருக்கு, கிண்ணியா மூதூர்ப் பக்கமும் இருக்கு, தமிழ் ஆக்களுக்குள்ளயும் இருக்கு. அப்ப உண்மையிலயே ரெண்டு பக்கமும் ஒரே பிரதி வந்த ஆக்களும் கூடத்தான் இருப்பினம். ஐரோப்பாவில எழுதின கணக்க இங்க அப்பிடியே போட்டா, சொந்தத்துக்குள்ள கட்டினதையும் டெஸ்ட் பிழை எண்டு சொல்லிப்போடும், இல்லாட்டி டெஸ்ட் பிழையச் சொந்தக் கலியாணம் எண்டு மூடிப்போடும். இதத் தீர்க்க ஒரே வழி குடும்பத்தோட செய்யிறது, தாய் தகப்பன் பிள்ளையள் எல்லாரையும்.

18 பெப்ரவரி

அரபுப் பரம்பரை எண்ட மாமாக்கு. மாமா, கோவிக்காதேங்கோ. ஒரு எதிருருவ வச்சு பரம்பரை சொல்ல ஏலாது. இதுகளில கனக்க மனிசர் ஆபிரிக்காவ விட்டு வெளிக்கிட முன்னமே இருந்த வித்தியாசங்கள். அதுக்கு மேல திருகோணமலை துறைமுகம். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், பாலையூற்றுப் பறங்கியர், மலாய் ஆக்கள், மூதூரில இருந்து வெருகல் வாகரை வரைக்கும் தமிழ் கதைக்கிற கரையோர வேடர், எல்லாரும் இந்தச் சின்ன இடத்துக்குள்ள. வாப்பாட புதுசு இதில எந்தப் பக்கத்தால வந்தது, அல்லது வாப்பாட பாட்டன் காலத்தில இங்கயே உண்டானதோ, ஒரு ஆளிட ரத்தத்தில இருந்து ஆரும் சொல்லமாட்டினம்.

இங்கயே உண்டாகலாமோ எண்டா ஓம். 1992ல தென்னமெரிக்கப் பழங்குடி ஆக்களிட்ட செஞ்ச வேலை ரெண்டு நேச்சர் இதழில வந்தது, பிரேசிலில கைங்காங், குவரானி ஆக்களிட்ட ஒண்டு, எக்குவடோரில வவோரானி ஆக்களிட்ட மத்தது. அவையிட எச்.எல்.ஏ-பி-ல கனக்க வேற எங்கயும் இல்லாத வகை. ஒரு பிரதியில இருந்து சின்னத் துண்டு மத்தப் பிரதிக்குள்ள போய் ஒட்டி உண்டானதுகள். ஏ-யும் டி.ஆரும் அவ்வளவா மாறேல்ல, பி மட்டும் ஓடியிருக்கு. எங்கட கரையோர வேடரிட்ட ஆராவது முறையாப் பாத்தா என்ன வரும் எண்டு எனக்கு ஆசைதான், ஆனா அவையிட்டக் கேட்டு, அவைக்கு விளங்கப்படுத்தி, வாற முடிவ திருப்பி அவையிட்டக் கொண்டுவந்து குடுக்கிற ஆக்கள் செய்யவேணும். ரத்தத்த எடுத்துக்கொண்டு போய்க் காணாமப் போற வேலை வேண்டாம்.

18 பெப்ரவரி, இரவு

பக்கத்து வீட்டு சேரே வந்து எழுதியிருக்கிறார்! சேர் வணக்கம். மலேரியாவோட வளந்த மண், அதால எதிர்ப்பு ஜீன் தேர்வாகியிருக்கும் எண்டுறீங்கள். யோசனை மோசமில்ல. 1991ல கம்பியாவில எச்.எல்.ஏ-பி53 இருக்கிற பிள்ளையளுக்குக் கடும் மலேரியா குறைவு எண்டு காட்டினவை. எங்கட லாப்பிலயும் ஒரு காலம் மலேரியா ஸ்லைட் பாத்தே பொழுது போகும், 2016ல இலங்கையில மலேரியா இல்ல எண்டு உலக சுகாதார ஸ்தாபனம் சேர்டிபிகேட் குடுத்ததும் எனக்கு நம்பவே கஷ்டமா இருந்துது. ஆனா சேர், கம்பியாவில தேர்வானது இங்கயும் தேர்வாகும் எண்டு இல்ல, அதோட ஒரு எதிருரு ஒரு நோய்க்கு உதவினா இன்னொண்டுக்கு உபத்திரவம் குடுக்கும். எச்.எல்.ஏ-பி27 இருக்கிற ஆக்களுக்கு முள்ளந்தண்டு இறுகிற வருத்தம் கூட வரும். "எதிர்ப்புச் சக்தி கூட" எண்டு மொத்தமாச் சொல்ல ஒண்டும் இல்ல.

23 பெப்ரவரி

கேள்வி: "இலங்கைத் தமிழரிட ஜீன் முழுக்க ஏற்கெனவே வாசிச்சாச்சு தானே, 1000 ஜீனோம் திட்டத்தில?"

ஓம், இருக்கு. அது உலகம் முழுக்க உள்ள ஆக்களிட டி.என்.ஏ வாசிச்ச திட்டம். 2015ல வந்த கடைசிக் கட்டத்தில 26 சனத்தொகை, 2,504 ஆக்கள், அதில இலங்கைத் தமிழர் 102 பேர். ஆனா அந்த 102 பேரும் பிரித்தானியாவில இருக்கிற ஆக்கள். திருகோணமலையில ஒரு ஊசி குத்தேல்ல. அந்த 102ல எங்கட மாவட்டத்து ஆக்கள் எத்தின பேர் எண்டு கணக்கும் இல்ல.

அதில இன்னொரு சிக்கல், இது எனக்கு மிச்சம் பிடிச்ச கதை, கொஞ்சம் நீளும். எச்.எல்.ஏ-ய விட்டு பிறபொருளெதிரி செய்யிற பரம்பரையலகுக்கு வாங்கோ, 14ஆம் நிறமூர்த்தத்தில இருக்கு. அதிலயும் ஆளுக்காள் வித்தியாசம் கன இருக்கு, ஆனா தேடினது குறைவு. 2011ல பப்புவா நியூகினி ஆக்களிட்டத் தேடினவை, ஒரு புதுப் பரம்பரையலகும் 16 புது எதிருருவும் வந்துது. கொஞ்சப் பேரிட்டயே அவ்வளவு. அதுக்குப் பிறகு சில பேர் யோசிச்சினம், 1000 ஜீனோம் தரவு சும்மா கிடக்குது, அதில கொம்பியூட்டரால தேடினா உலகம் முழுக்க உள்ள புதுசெல்லாம் எடுக்கலாமே எண்டு. தேடி ஒரு தரவுத்தளமும் செஞ்சினம். 2017ல மத்த ஆராய்ச்சியாளர் மறுத்து எழுதினவை. ஏனெண்டா அந்தத் திட்டத்தில டி.என்.ஏ கூடுதலா எடுத்தது ஆளிட ரத்தத்தில இருந்து நேர இல்ல, லாப்பில எப்ஸ்டீன் பார் வைரஸ் போட்டு சாகாம வளத்த பி கலங்களில இருந்து. பி கலம் எண்டா பிறபொருளெதிரி செய்யிற கலம், அது அந்த 14ஆம் நிறமூர்த்தத்து இடத்த வெட்டி ஒட்டி, எழுத்துகளையும் மாத்தி வச்சிருக்கும். தகப்பன் தாய் குடுத்தது ஒண்டு, அந்தக் கலம் தன்ட பாட்டில மாத்தினது வேற. போதாக்குறைக்கு வாசிச்சது சின்னத் துண்டுகளா, அந்த இடத்திலயோ ஒரே மாதிரிப் பரம்பரையலகு வரிசையா நிக்குது, எந்தத் துண்டு எந்த இடத்துக்கு எண்டு பொருத்தேக்க தடுமாறும். அங்க "புதுசு" எண்டு எழுதினதெல்லாம் புதுசு எண்டு நம்ப ஏலாது.

எச்.எல்.ஏ ஆறாவதில இருக்கிறதால அந்த வெட்டி ஒட்டுற பிரச்சின அதுக்கு இல்ல, அந்த 102 பேரிட எச்.எல்.ஏ-யப் பாவிக்கலாம்.

2 மார்ச்

எலும்பு மச்சை குடுக்கிறதுக்கும் இதே பொருத்தம்தானா எண்டு கேட்ட தங்கச்சிக்கு: கிட்னியில கொஞ்சம் பொருந்தாட்டியும் மருந்தோட சமாளிக்கலாம், எலும்பு மச்சையில பொருத்தம் கிட்டத்தட்ட முழுசா வேணும். கூடப்பிறந்த ஆள் முழுசாப் பொருந்த 25 வீதம் சந்தர்ப்பம். இல்லாட்டி பதிவேட்டில தேடவேணும். அமெரிக்கப் பதிவேட்ட வச்சு 2014ல கணக்குப் பாத்தவை, ஐரோப்பிய வழி வெள்ளையருக்கு முழுப் பொருத்தம் கிடைக்க 75 வீதம், தென் மத்திய அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கு 16 வீதம். பதிஞ்ச ஆக்கள் குறைவு, எதிருரு வகை கூட, அதுதான் காரணம். சென்னையில தாத்ரி எண்டு 2009ல தொடங்கின பதிவேடு இருக்கு, எங்கட ஆக்களுக்குக் கிட்ட வாறது அப்பிடியான இடங்கள்தான்.

16 மார்ச்

தம்பி திரும்பி வந்திருக்கிறார். ரெண்டாந்தரம் ரத்தம் குடுத்து, வேற முறையில நீளமா வாசிச்சிருக்கினம், அதே எழுத்து மாத்தம் திரும்பவும் வந்திருக்கு. தம்பியும் குடுத்தவர், தம்பியிட்டயும் இருக்கு. மாத்தம் எக்சோன் 4ல, புரதத்தில ஒரு அமினோவமிலம் மாறுது எண்டு எழுதியிருக்காம்.

அப்ப உண்மைதான். எக்சோன் 4 எண்டுறது அந்தத் தாம்பாளப் பகுதி இல்ல, அதுக்குக் கீழ நிக்கிற பகுதி. பழைய டெஸ்ட் 2உம் 3உம் மட்டும் வாசிச்சிருந்தா இத வழமையான எதிருரு எண்டே எழுதிட்டுப் போயிருக்கும். இண்டைக்குப் புதுசு கூட வாறதுக்குக் கனதரம் காரணம் இதுதான், முந்தி வாசிக்காத பகுதிய இப்ப வாசிக்கினம். வாப்பாட வைத்தியத்துக்கு இதால ஒண்டும் மாறாது, நானாதான் குடுக்கிறவர், குரொஸ்மெச் நெகட்டிவ் எண்டும் சொல்றார், சந்தோசம்.

பேர் வைக்க அனுப்பட்டா எண்டு லாப்பில கேட்டிருக்கினமாம், மாமா வேண்டாம் எண்டுறாராம். மாமா, ஆளிட பேர் அதில போகாது, அந்த வரிசையும் ஒரு இலக்கமும் எந்தச் சனத்தொகை எண்டதும்தான் போகும். ஆனா கேக்கவேண்டியத கேளுங்கோ: சம்மதக் கடிதம் தமிழில இருக்கா, மிச்ச டி.என்.ஏ-ய எங்க வச்சிருக்கப் போயினம், வேற ஆராய்ச்சிக்குக் குடுக்கிறதெண்டா திருப்பிக் கேப்பினமா. மூண்டுக்கும் ஒழுங்கான பதில் வந்தா நான் எண்டா கையெழுத்து வைப்பன். முடிவு வாப்பாட, மாமாடயோ என்டயோ இல்ல.

17 மார்ச்

உம்மாட ரத்தமும் கேக்கினமாம், கிண்ணியாவில எடுத்து அனுப்பலாமா எண்டு தம்பி கேக்கிறார். அனுப்பலாம். ஊதா மூடிக் குழாயில எடுக்கச் சொல்லுங்கோ, எடுத்தவுடன மெதுவா நாலஞ்சு தரம் கவிழ்த்து நிமித்தவேணும், குலுக்கக் கூடாது. ஃபிரீசருக்குள்ள வைக்கவேண்டாம், சாதாரண ஃபிரிச்சில கீழ்த் தட்டில வச்சு அடுத்த நாள் பஸ்ஸில விட்டாப் போதும். குழாயில பேரும் திகதியும் எழுதுங்கோ, பெட்டியில மட்டும் ஒட்டாதேங்கோ.